இடது சக்கரத்துத் தீய்ந்த வாடை

திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, வேலை மணலி பக்கம். கார் 2015 மாடல். முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்), பின்னால் டிரம் பிரேக். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சக்கரம் பாதி முழுக மூன்று நாள் தெருத் தண்ணீரிலேயே நின்றது. வடிந்ததும் இன்ஜினைப் பார்த்தேன், சீட்டைக் காயவைத்தேன். பிரேக் ஞாபகமே வரவில்லை.

அடுத்த ஏப்ரலில் ஒருநாள் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது தீய்ந்த வாடை. ஏதோ லாரியின் கிளட்ச் என்று கண்ணாடியை ஏற்றினேன். வாடை வீடு வரைக்கும் கூடவே வந்தது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்தில் அனல் அடிக்கிறது. வலது பக்கம் சும்மா வெதுவெதுப்பு. மனைவி வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தாள். நல்லவேளை, ஊற்றவில்லை. கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், வெடிப்புகூட விடும். தானாக ஆறட்டும் என்று விட்டோம்.

வழக்கமான சர்வீஸ் சென்டரில், டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தி நிறுத்துகிற பேட்களை மாற்றி அனுப்பினார்கள். இரண்டே மாதத்தில் அதே வாடை. கூடவே, அறுபதில் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறல்.

அப்புறம்தான் தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். வலது சுழன்றது, இடது அரைச் சுற்றிலேயே நின்றது. “இன்னா சார், பேட் மட்டும் மாத்திகினே இருந்தா எப்டி? பின்னு ஜாம் ஆயி கெடக்குது பாரு.” பேட்களைப் பிடித்திருக்கிற கவ்விதான் கேலிப்பர்; அது இப்படியும் அப்படியும் நகர்வதற்கான கம்பி மாதிரியான பின் (pin) அது. அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் நிறத்தில் துருக்குழம்பு. சுத்தியால் தட்டித்தான் உருவினார். மிதித்த காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கை விடாததற்கு அதுதான் காரணம். உள்பக்கப் பேட் தகடு வரைக்கும் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்தில் பாதி மிச்சம். சூட்டில் டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது.

டிஸ்க்கை லேத்தில் விட்டுச் சீவிச் சரிபண்ணலாமா என்று கேட்டேன். வெர்னியர் வைத்து அளந்து, டிஸ்க்கிலேயே பொறித்திருந்த குறைந்தபட்சக் கனத்தைக் காட்டினார். சீவ ஒன்றுமில்லை. டிஸ்க் ஜோடியாக, பேட், பின் கிட் என்று எட்டாயிரத்துச் சொச்சம். பின்னுக்குச் சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊதவைத்துவிடும் என்று சிலிக்கோன் கிரீஸ்தான் போட்டார்.

பிரேக் ஆயிலும் கடுங்காப்பி நிறம். அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கிற சரக்கு. டாட் 4 என்கிற ரகம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும்; ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடும். சூட்டில் உள்ளே குமிழி கட்டினால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவதாக முடிவு.

அதன்பின் 19,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கடற்காற்றுக்குப் பயந்து ஜன்னல் கம்பிக்கு வருஷாவருஷம் பெயிண்ட் அடிக்கிற நான், இப்போது மழைக்காலம் முடிந்ததும் பின்னையும் கழற்றித் துடைக்கச் சொல்கிறேன். கூட்ட நெரிசலில் வந்த நாட்களில் இறங்கியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பார்க்கிற பழக்கமும் வந்துவிட்டது. தெருவில் சிலர் ஏதோ பூஜை என்று நினைக்கிறார்கள்.

பழைய டிஸ்க் இரண்டும் மொட்டை மாடியில் இருக்கின்றன. வடாம் துணி பறக்காமலிருக்க நல்ல கனம்.