இரு நிறச் சாணைக்கல் வாங்குவோர் கவனத்திற்கு

ஜப்பானிய நீர்க்கல் என்றும், ஒரு பக்கம் 3000 கிரிட், மறுபக்கம் 8000 கிரிட் என்றும் விளம்பரம் செய்து இணைய விற்பனையாளர் ஒருவர் எனக்கு அனுப்பிய சாணைக்கல்லில், இரு பக்கங்களுக்கும் நிறத்தைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. கிரிட் என்பது கல்லின் துகள் எவ்வளவு நுண்ணியது என்பதைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூடத் துகள் நுண்ணியதாகும். சமையலறைக் கத்திகளை வீட்டிலேயே தீட்ட நினைப்பவர்கள் இதே வகைத் தொகுப்புகளைத்தான் முதலில் காண்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

கல்லைத் தண்ணீரில் ஊறவைத்தவுடன் சாயம் கரையத் தொடங்கியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 8000 என்று குறித்திருந்த பக்கத்தில் நெடுநேரம் தேய்த்த பிறகும் விளிம்பு மங்கலாகவே இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, இரு பக்கங்களும் இட்ட கீறல்கள் ஒரே பருமனில் தெரிந்தன. ஜப்பானியத் தர அளவில் 3000 கல்லின் துகள் ஏறத்தாழ 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 8000 கல்லின் துகள் 1.2 மைக்ரான் அளவு இருக்கும். மூன்று மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாடு, உண்மையான கல்லாக இருந்தால், விளிம்பின் பளபளப்பிலேயே தெரிந்துவிடும்.

கிரிட் எண்ணை மட்டும் நம்பி வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பிய எஃப் அளவில் 1000 என்பது சுமார் 4.5 மைக்ரான், உப்புத்தாளுக்கு வழங்கும் பி அளவில் அதே 1000 சுமார் 18 மைக்ரான், ஜப்பானிய அளவில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எந்த அளவுமுறை என்று சொல்லாத விற்பனையாளர், எந்தக் கல்லுக்கும் எந்த எண்ணையும் அச்சிட்டுக்கொள்ளலாம். எனக்கு வந்த பெட்டியில் அளவுமுறை மட்டுமல்ல, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாடும்கூட இல்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011 ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி பெயரும் முகவரியும், இறக்குமதிப் பொருளானால் தயாரான நாடும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கல்லின் மேற்பரப்பும் சமமாக இல்லை. எஃகு ஸ்கேலின் விளிம்பை அதன் மீது நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தது. குழிந்த கல்லில் தீட்டும்போது கோணம் ஒவ்வோர் இழுப்பிலும் மாறுவதால் கூர் நிலைக்காது. கத்தியின் சாய்வு மாறாமலிருக்கக் கூடவே வந்த பிளாஸ்டிக் கோணப் பிடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது கல்லில் உரசித் தானே தேய்ந்தது.

திருப்பித் தரக் கேட்டபோது கிடைத்த பதில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்: "பயன்படுத்திய கல்லைத் திரும்பப் பெற இயலாது." நனைத்துத் தேய்க்காமல் போலி என்று அறிய வழியில்லை, நனைத்துவிட்டாலோ உரிமை போயிற்று என்கிறார்கள். விற்பனைத்தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் பெட்டியின் படங்களுடன் எழுதுங்கள். 2020 ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். என் புகார் அங்கே அசையாமல் கிடந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் பதிவு செய்த பிறகே கல்லின் விலை திரும்ப வந்தது.

வீட்டுக் கத்திக்கு 8000 தேவையே இல்லை என்பது என் கருத்து. தயாரிப்பாளர் பெயருடன் ஜப்பானிய அளவில் 1000 என்று குறித்த ஒற்றைக் கல் போதும். அதில் பிசிர் (விளிம்பின் மறுபக்கத்தில் மடிந்து எழும் மெல்லிய உலோக இழை) எழும்வரை தீட்டி, பிசிரை நீக்கினால் தக்காளித் தோல் வழுக்காமல் அறுபடும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள், கருவிக் கடைகளில் கிடைக்கும் கார்பரண்டம் இரட்டைக் கல்லை வாங்கலாம். மெருகு தராது என்றாலும், அதன் சொரசொரப்புப் பக்கத்தையும் நைசுப் பக்கத்தையும் கடையிலேயே விரலால் தடவி வேறுபடுத்திப் பார்த்துவிடலாம். எனக்கு விற்கப்பட்ட தொகுப்பு வேறொரு விற்பனையாளர் பெயரில், அதே படங்களுடன், இன்றும் அதே தளத்தில் விற்பனைக்கு இருக்கிறது.