ட்ரக் பயிற்சி, "வேலை நிச்சயம்", 7,400 டொலர்: அவதானமாக இருங்கள்

"முகாமையாளர் வெளியில் நிற்கிறார், பிறகு எடுங்கோ" என்ற பதிலைப் பயிற்சிப் பள்ளியின் தொலைபேசியில் நேற்று மாலை மூன்றாவது தடவையாகக் கேட்ட பின்னரே இதை எழுத உட்கார்ந்தேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஏஇசட், அதாவது காற்றழுத்த பிரேக் உள்ள பெரிய இழுவை ட்ரக் ஓட்டுவதற்கான ஏ வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் பயிற்சி தரும் ஒரு பள்ளியிடம் நான் கொடுத்து ஏமாந்த தொகை 7,400 டொலர்.

முதல் நாள் என்னோடு பேசியவர் தமிழர். மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளத்தைத் தமது கணினியில் திறந்து, ட்ரக் சாரதிகளுக்கான பிராந்திய வாய்ப்புகள் என்ற பக்கத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "தம்பி, அரசாங்கமே 'நல்லது' எண்டு போட்டிருக்கு, படிப்பு முடியக் கையில வேலை" என்றார். அரசாங்கத்தின் பக்கம் பொய் சொல்லாது என்று நம்பி, அன்றே முழுத் தொகையையும் கட்டினேன். பக்கம் பொய் சொல்லவில்லைதான். அவருடைய விரல் இருந்த பிராந்தியம் நான் வசிக்கும் இடத்திலிருந்து பலநூறு கிலோமீட்டர் வடக்கே இருந்தது என்பதை வீட்டில் அதே பக்கத்தைத் திறந்தபோதுதான் கண்டேன்.

2017 யூலை முதல் இம்மாகாணத்தில் ஏ வகுப்புக்குக் குறைந்தது 103.5 மணிநேரப் பயிற்சி கட்டாயம். எங்களுக்கோ நான்கு பேருக்கு ஒரு ட்ரக். மற்றவர் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்த நேரமும் என் கணக்கில் எழுதப்பட்டது. அது தானியங்கிக் கியர் வண்டி என்பதால், கைக்கியர் ட்ரக் ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு என் அனுமதிப்பத்திரத்தில் விழுந்தது. 2022 முதல் உள்ள இந்த விதியைப் பணம் வாங்குமுன் எவரும் வாய்திறந்து சொல்லவில்லை.

பிறகு ஐந்து நிறுவனங்களுக்குப் போனேன். இரண்டு வருட அனுபவம் இல்லாதவரை எங்கள் காப்புறுதி ஏற்காது என்பதே ஐந்திலும் கிடைத்த பதில். பிராந்தியத்துக்கு வாய்ப்பு நல்லது என்றால் நேற்று அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கும் நல்லது என்று பொருளில்லை. பள்ளி அனுப்பிவைத்த ஒரேயொரு இடத்தில், என் பெயரில் ஒரு கம்பனி பதிந்துகொண்டு வரச் சொன்னார்கள். அதாவது ஊழியன் என்ற எந்த உரிமையும் இல்லாமல் அவர்களுடைய வண்டியை ஓட்டவேண்டும். இதைத்தான் அவர் "கையில வேலை" என்றாராம்!

திரும்பிப் போய்க் கேட்டபோது, ஒப்பந்தத்தில் "வேலை தேட உதவி" என்றுதானே இருக்கிறது என்று அதே மனிதர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்த உதவிக்குத்தான் 7,400 டொலரா?

அவசரத்தில் நினைவுக்கு வருவதைச் சொல்கிறேன். பள்ளி மாகாணத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். பணம் கட்டுமுன் இரண்டு ட்ரக் நிறுவனங்களை அழைத்து, புதிய சாரதிகளை எடுப்பீர்களா என்று கேளுங்கள். பயிற்சி மணிநேரம் நிரப்பப்படாத வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள், நான் இட்டேன். முறைப்பாட்டை முதலில் பள்ளிக்கே எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பதால் இன்று காலை பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டேன். 7,400 டொலரில் இதுவரை ஒரு சதமும் திரும்பவில்லை.