ஒரே வீடா, வாரம் ஒரு வீடா? வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களுக்காக ஓர் ஒப்பீடு

வேலூர் தோட்டப்பாளையத்தில் 11 வருஷமாகப் புதன்கிழமை சாயங்காலம் எங்கள் ஜெபக்கூட்டம் கூடுகிறது. நானும் என் வீட்டுக்காரரும் அதற்குப் பொறுப்பு. 12லிருந்து 15 பேர் வருவார்கள். பாதிப்பேர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), சிலர் பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கக் குடும்பம் இரண்டு. ஆட்டோ ஓட்டும் அண்ணன் இருக்கிறார், ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் தங்கச்சிகள் இருக்கிறார்கள், நாலு வீட்டில் வேலை செய்து பிழைக்கும் அக்கா இருக்கிறார், ரிட்டயர் ஆன டீச்சரம்மா இருக்கிறார்.

காட்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் சிலர் வந்து, "நாங்களும் ஒரு கூட்டம் ஆரம்பிக்கிறோம், எப்படி நடத்துறது?" என்று கேட்பதுண்டு. நாங்கள் ஒவ்வொரு முறையையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறோம். எந்த முறையானாலும் நான் கவனிப்பது ஒன்றைத்தான். கதவோரம் உட்கார்ந்து, கூட்டம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அந்த முறை அவரை உள்ளே கொண்டுவருகிறதா, இன்னும் வெளியே தள்ளுகிறதா?

எந்த வீட்டில் கூடுவது

முதல் நாலு வருஷம் வாரம் ஒரு வீடு என்று சுற்றி வந்தோம். யாருக்கும் பாரமில்லாமல் பங்கு போட்டுக்கொள்வது நியாயமாகப் பட்டது. அதில் பெரிய நன்மையும் உண்டு. ஒருவர் வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தால்தான் அந்த வீட்டின் பாடு கண்ணில் படும். ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போகிற தம்பியின் அப்பா மூன்று வருஷமாகப் படுக்கையில் இருந்தார். அது சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. கூட்டம் அவர் வீட்டுக்குப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பெரியவர் எங்கள் பாட்டோடு சேர்ந்து உதட்டை அசைத்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கத்தோலிக்கர்களின் அன்பியங்கள் என்ற சிறு குழுக்கள் தெருவாரியாகப் பிரிந்து வீடு வீடாகக் கூடுவதற்கு இதுவே பலம். பக்கத்து வீட்டுக்காரரை ஞாயிற்றுக்கிழமை பூசையில் மட்டும் பார்ப்பது போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் இரண்டாம் வருஷத்திலிருந்தே சிலர், "என் முறையை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வையுங்க அக்கா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். லைன் வீட்டில் ஒரே ரூமில் குடியிருப்பவர் 14 பேரை எங்கே உட்காரவைப்பார்? ஒரு தங்கச்சியின் மாமியார் வீட்டில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. அங்கே கூட்டம் போடப் போய் அவள் நிம்மதி கெட்டுவிடக் கூடாது. இன்னொருவரிடம் வீட்டு ஓனர் நேராகவே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். முறை தள்ளிப்போனவர்கள் கூட்டத்துக்கு வருவதையும் மெல்லக் குறைத்துக்கொண்டார்கள். வீடு தராதவர் வந்து உட்காரலாமா என்ற கூச்சம்தான் காரணம்.

அடுத்தது சாப்பாடு. ஆரம்பத்தில் டீயும் பிஸ்கட்டும்தான். ஒரு வீட்டில் சுண்டல் வைத்தார்கள், அடுத்த வீட்டில் கேசரி, அதற்கடுத்து வடை, பிறகு எல்லாம் சேர்ந்து. யாரும் போட்டிக்குச் செய்யவில்லை, அன்பினால்தான் செய்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் அக்கா தன் முறைக்குச் சமோசா வாங்கியதில் அந்த மாதச் சீட்டுக்குக் கட்ட அவரிடம் பணம் இல்லை. இது எனக்கு ஆறு மாதம் கழித்து வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு நான் இரண்டு சமோசா சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

இந்தச் சங்கடம் புதிதில்லை. 1742ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், மெத்தடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லியின் ஆட்கள் தங்கள் கூடுகை வீட்டின் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்க முடிவு செய்தார்கள். சுமார் 12 பேருக்கு ஒருவர் பொறுப்பாளர். அவர் வீடு வீடாகப் போய் வசூலித்தார். போன இடத்தில் அந்தக் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்பதையும் பார்த்தார். மெத்தடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் அப்படித்தான் பிறந்தது. ஆனால் வீடு வீடாகப் போவதைச் சீக்கிரமே விட்டுவிட்டு, எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டினார்கள். அதற்கு நேரம் அதிகம் பிடித்தது ஒரு காரணம். வேறொருவர் வீட்டில் வேலைக்காரராக இருந்தவர்களையும், உறவினர் தயவில் இருந்தவர்களையும் அங்கே போய்ப் பார்க்க வீட்டார் விடவில்லை என்பது இன்னொரு காரணம். எங்கள் லைன் வீட்டுச் சங்கடமும் மாமியார் வீட்டுச் சங்கடமும் அங்கேயும் இருந்திருக்கின்றன.

ஐந்தாம் வருஷம் டீச்சரம்மா தன் ஹாலைத் தந்தார். அன்று முதல் ஒரே வீடு, ஒரே நேரம். வேலூர் போன்ற ஊரில் இதற்குத் தனிப் பலன் உண்டு என்று அப்போதுதான் புரிந்துகொண்டேன். எந்த நாளும் நோயாளியோடு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் நிறைந்த ஊர் இது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து மனைவியின் ஆபரேஷனுக்காக வந்திருந்த ஒருவர், "புதன்கிழமை ஏழு மணி, இந்த வீடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நடந்தே வந்து சேர்ந்தார். ஐந்து வாரம் வந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து ஜெபம் பண்ணுவார். வீடு மாறிக்கொண்டே இருந்தால், யார் போன் நம்பரும் கையில் இல்லாத அந்த மனுஷர் எங்களை எப்படிக் கண்டுபிடித்திருப்பார்? நைட் ஷிப்ட் முடிந்து குழம்பிப் போயிருக்கும் நர்ஸுகளுக்கும் இது வசதி. இந்த வாரம் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒரே வீட்டின் ஆபத்து வேறு. கூட்டத்துக்கு "டீச்சரம்மா கூட்டம்" என்று பெயர் வந்துவிட்டது. அவர் மகன் வீட்டுக்கு பெங்களூருக்குப் போன இரண்டு மாதமும் கூட்டம் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு சாவியை இரண்டு பேர் கையில் கொடுத்து வைத்தோம். டீ போடுவது, பாய் விரிப்பது, டம்ளர் கழுவுவது எல்லாம் வருகிறவர்களின் வேலை, அதிலும் ஆண்களின் வேலை என்று பேசி வைத்தோம். வீடு கொடுப்பவரே உபசரிப்பும் செய்தால் மூன்று வருஷத்தில் களைத்துவிடுவார்.

என்னைக் கேட்டால் மூன்று வாரம் ஒரே வீடு. நாலாவது வாரம், யார் வீட்டில் நோயோ துக்கமோ சந்தோஷமோ இருந்து அவர்களாகவே கூப்பிடுகிறார்களோ, அந்த வீடு. பட்டியல் போட வேண்டாம். பட்டியல் இருந்தால் யாரோ ஒருவர் பெயர் அதில் தாண்டிப் போகப்பட்டதும் தெரிந்துவிடும்.

செய்தியா, வாசித்துப் பகிர்வதா

நம் பக்கத்தில் வழக்கம் இதுதான்: ஆரம்ப ஜெபம், இரண்டு பாட்டு, ஒருவர் எழுந்து செய்தி, அதாவது பிரசங்கம், பிறகு ஜெப விண்ணப்பங்கள், முடிவு ஜெபம். செய்தி கொடுப்பவர் நன்றாகப் படித்து வந்தால் ஜனங்கள் ஏதோ பெற்றுக்கொண்டு போவார்கள். களைத்து வந்தவர்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம், அதுவும் ஒரு இளைப்பாறுதல்தான். தவறான உபதேசம் நுழையாமல் காக்கவும் இது உதவும். நான் இந்த முறையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆயர் கொடுப்பதையே புதன்கிழமை கொஞ்சம் சின்னதாக இன்னொருவர் கொடுத்தால், 12 பேர் நெருங்கி உட்கார்ந்ததன் பலன் எங்கே? பவுல் நடுராத்திரி வரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் தூங்கி விழுந்ததாக அப்போஸ்தலர் 20ல் இருக்கிறது. ஷூ கம்பெனித் தம்பி 20 நிமிஷத்துக்கு மேல் விழித்திருக்கப் பாடுபடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம் நினைவுக்கு வரும். காலை ஐந்து மணிக்கு எழுந்த பிள்ளை அவன்.

மாற்றாக, எல்லோரும் ஆளுக்கு இரண்டு வசனம் வாசித்துப் பேசலாம் என்று தொடங்கினோம். அதில் நான் பெரிய தப்பு செய்தேன். சமோசா வாங்கிய அந்த அக்கா, தன் முறை வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். மூன்றாம் வாரம் வரவே இல்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. பைபிளை மடியில் விரித்து வைத்து அத்தனை வருஷம் எங்களோடு உட்கார்ந்திருக்கிறார். பொறுப்பில் இருக்கிற எனக்கு அது தெரியவில்லை.

எங்கள் கத்தோலிக்கக் குடும்பத்து அண்ணன்தான் வழி காட்டினார். அன்பியங்களில் ஏழு படிகளாகச் செய்யும் நற்செய்திப் பகிர்வு முறை ஒன்று உண்டு, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து வந்தது. ஆண்டவரை வரவேற்பது, பகுதியை வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லையோ வரியையோ ஆளாளுக்கு உரக்கத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு, என்ன செய்யப்போகிறோம் என்று பேசுவது, ஜெபம். நாங்கள் இதை எங்களுக்கேற்பச் சுருக்கினோம். ஒருவர் மட்டும் நிதானமாக இரண்டு தரம் வாசிப்பார். மற்றவர்கள் பைபிளை மூடி வைத்துக் கேட்பார்கள். பிறகு இரண்டு நிமிஷம் சத்தமில்லாமல் இருப்போம். அதன் பிறகு, கேட்ட கதையை யாராவது தன் வாயால் சொல்ல வேண்டும்.

மாற்கு 5ம் அதிகாரத்தின் பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்குள்ள, ஸ்திரீயை வாசித்த அன்று அந்த அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "பன்னண்டு வருசம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சிருக்கா. கையில இருந்த காசெல்லாம் போச்சு. வியாதி மட்டும் போகல. முன்னால வந்து கேக்க வெக்கம், அதான் பின்னால வந்து துணியைத் தொட்டா." அவ்வளவுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தங்கச்சிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அந்தப் பகுதியில் எத்தனையோ செய்தி கேட்டிருக்கிறேன். "முன்னால வந்து கேக்க வெக்கம்" என்று யாரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை.

பகிர்வு முறைக்குக் குறை இல்லாமல் இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர் ஒருவர் இருந்தால் அத்தனை நேரமும் அவரோடே போய்விடும். வசனத்தை விட்டுச் சபை கமிட்டி அரசியலுக்குப் பேச்சு நழுவும். எல்லோரும் ஒரு தரம் பேசின பிறகுதான் ஒருவர் இரண்டாம் தரம் பேசலாம் என்று அன்போடு சொல்லி வைப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை. மாதத்துக்கு ஒரு தரம் ஆயரையோ படித்தவர் ஒருவரையோ அழைத்து, பேச்சில் எழுந்த கேள்விகளை அவர் முன் வைக்கிறோம். செய்தியை அந்த ஒரு வாரத்துக்கு வைத்துக்கொண்டோம்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதும் எங்களைப் போன்ற கலவைக் கூட்டத்தில் எழும். 1871ல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கிறவர்களுக்கு "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்பதுதான் நாக்கில் இருக்கிறது. 1995ன் திருவிவிலியம் வாசிக்கிறவர்களுக்கு "ஆண்டவரே என் ஆயர்". ஒரு தரம் வாசிப்பது பழையதில், இன்னொரு தரம் திருவிவிலியத்தில் என்று வைத்துக்கொண்டோம். பெரும்பாடு என்ற சொல் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, இரத்தப்போக்கு என்றால் உடனே விளங்கும். மனப்பாடத்துக்கும் ஜெபத்துக்கும் எனக்குப் பழையதுதான்.

விண்ணப்பங்களை எப்படிச் சொல்வது

வாய்விட்டு எல்லோர் முன்னும் சொல்வது வழக்கம். வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுவது இப்போதைய வழக்கம். வாட்ஸ்ஆப்பின் வேகம் உண்மைதான். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் எமர்ஜென்சியில் சேர்ந்தால் பத்து வீட்டில் முழங்கால் படியும். ஆனாலும் ஒரு சம்பவத்துக்குப் பிறகு நான் அதில் கண்டிப்பாக இருக்கிறேன். ஒரு தாய் தன் மகளின் வைத்தியத்துக்காக ஜெபிக்கச் சொன்னது குரூப்பில் போய், அங்கிருந்து யாரோ அனுப்ப, பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வரவில்லை. அந்தத் தாயும் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. அனுப்பியவர் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை, இன்னும் பலர் ஜெபிக்கட்டும் என்றுதான் அனுப்பினார்.

இப்போது மூன்று மூன்று பேராகப் பிரிந்து, ஹாலிலும் திண்ணையிலும் மாடிப்படியிலும் உட்கார்ந்து, அந்த மூவருக்குள் சொல்லி அங்கேயே ஜெபித்து முடிக்கிறோம். நோயின் பெயரோ ஆளின் பெயரோ போனில் ஏறக் கூடாது. குரூப்பில் "அவசரம், ஜெபியுங்கள்" என்பது மட்டும் போதும். யாருக்கு என்று ஆண்டவருக்குத் தெரியும். மூன்று பேருக்குள் என்றால், சத்தமாக ஜெபம் பண்ணவே தெரியாது என்றவர்களும் இரண்டு வரி ஜெபிக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சகோதரர்களுக்கு இது கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கிறது என்று சொன்னார்கள், அது உண்மை. அவர்களுக்காகக் கடைசிப் பத்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து குரல் எழுப்பி ஜெபிக்கிறோம்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டே காலுக்கு முடியுங்கள். பாலாற்றைத் தாண்டி விருதம்பட்டுக்குப் போகிறவர்களும் வீட்டுக்குப் போய்த்தான் உலை வைக்க வேண்டும். வீட்டுக்குள் மைக் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது. டீயும் பிஸ்கட்டும், அதற்கு மேல் யாரும் கொண்டுவரக் கூடாது. காணிக்கை எடுப்பதானால் டப்பாவைக் கதவுக்கு வெளியே வையுங்கள், யார் போட்டார் யார் போடவில்லை என்று தெரியாது; எங்கள் டப்பா நோயாளிகளோடு வந்து தங்குகிறவர்களின் சாப்பாட்டுக்குப் போகிறது. 15 பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரியுங்கள். பிரிவது எங்களுக்கு அழுகையாகத்தான் இருந்தது. சத்துவாச்சாரிக்குப் பிரிந்து போன கூட்டத்தில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

வருகிற வாரம் மாதத்தின் நாலாவது புதன். வாசிக்கத் தெரியாத அந்த அக்கா போன வாரம் டம்ளர் கழுவிக்கொண்டே, "இந்தத் தரம் எங்க வீட்டுக்கு வாங்க" என்றார். ஒரே ரூம், உள்ளே ஏழு பேர் உட்காரலாம். மற்றவர்கள் வாசலில் சந்தில் நிற்கப்போகிறோம். பேரப்பிள்ளைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கிறதாம். டீ மட்டும்தான் என்று அவரிடம் இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன்.