எஃப்பிஜிஏ, ஏசிக், ஜிபியு: எந்த வேலைக்கு எது?

எஃப்பிஜிஏ என்பது தயாரித்த பிறகும் சுற்றமைப்பை மாற்றியமைக்கக்கூடிய சில்லு; ஏசிக் ஒரே பணிக்கென வடிவமைத்து வார்த்த சில்லு; ஜிபியு பல கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் வரைகலைச் செயலி. எஃப்பிஜிஏவா, ஏசிக்கா, ஜிபியுவா என்ற கேள்விக்குப் பொதுவாக விடை தேடுவதைவிட, மூன்றும் ஒரே பணியில் அடுத்தடுத்து நிற்கும் ஓர் இடத்தைப் பார்ப்பது தெளிவு தரும். ஜெனீவா அருகே, செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில், புரோட்டான்களை முடுக்கி மோதவிடும் எல்எச்சி வளையத்தில் அமைந்து, அந்த மோதல்களைப் பதிவுசெய்யும் சிஎம்எஸ் கருவி அத்தகையது. அங்கே புரோட்டான் கற்றைகள் 25 நானோ நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 4 கோடி முறை, ஒன்றையொன்று கடக்கின்றன. அத்தனை தரவையும் சேமிக்க இயலாததால், எதை வைத்துக்கொள்வது என்பதை உடனுக்குடன் தீர்மானித்தாக வேண்டும்.

மோதலுக்கு மிக அருகில் இருப்பது ஏசிக். துகள்தடம் காணும் சிலிக்கான் உணரிகளின் சிக்னலை வாங்கும் ஏபிவி25 சில்லு, இந்தப் பணிக்கென்றே 0.25 மைக்ரான் தொழில்நுட்பத்தில் உருவாக்கப்பட்டது. பல்லாயிரம் சில்லுகள் தேவைப்பட்டதால் வடிவமைப்பின் பெரிய முதற்செலவைத் தாங்க முடிந்தது. சாதாரண எஃப்பிஜிஏ அங்கே திணறும். ஏனெனில் அதன் சுற்றமைப்பைத் தீர்மானிக்கும் நினைவக பிட்களையே கதிர்வீச்சு மாற்றிவிடக்கூடும்.

எந்த மோதலின் தரவை வைத்துக்கொள்வது என்று முதலில் முடிவெடுக்கும் அடுத்த கட்டமான லெவல்-1 ட்ரிகரில்தான் எஃப்பிஜிஏவின் அருமை விளங்குகிறது. ஏபிவி25 போன்ற, உணரிகளை ஒட்டிய முன்முனைச் சில்லுகளால் தரவை ஏறத்தாழ 4 மைக்ரோ நொடி வரைதான் பிடித்துவைக்க முடியும். அதற்குள் முடிவு வராவிட்டால் அந்த மோதலின் தரவு போய்விடும் என்பதால், சராசரி வேகம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பயனில்லை, ஒவ்வொரு முறையும் கெடு தவறாதிருக்க வேண்டும். எஃப்பிஜிஏவில் ஒவ்வொரு கணக்குக்கும் தனிச் சுற்று இருப்பதால், எத்தனை கடிகாரத் துடிப்புகளில் விடை வரும் என்பதை முன்கூட்டியே நிர்ணயிக்க முடிகிறது. தரவைத் தொகுதியாகத் திரட்டி, நினைவகத்துக்கு அனுப்பி, பிறகு கணக்கிடும் ஜிபியுவிடம் அந்த உறுதியை எதிர்பார்க்க முடியாது. இங்கும் ஏசிக் பயன்படுத்தியிருக்கலாமே என்றால், தேர்வு விதிகள் ஓயாமல் மாறுகின்றன. இயல்புக்கு மாறான மோதல்களைத் தேடும், தரவிலிருந்து கற்ற நரம்பு வலை (செயற்கை நுண்ணறிவுக் கணக்குமுறை) ஒன்று 2024இல் இந்த ட்ரிகரில் இயங்கத் தொடங்கியதே இதற்குச் சான்று. வார்த்து முடித்த சில்லில் இது நடவாது.

இவ்வாறு நொடிக்கு ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்த மோதல்கள் கணினித் தொகுதிக்குச் செல்கின்றன. அங்கே மில்லி நொடிகளில் அவகாசம் கிடைப்பதால் கணினியின் பொதுச் செயலியான சிபியுவுடன் 2022 முதல் ஜிபியுவும் பணியாற்றுகிறது. அந்த அவகாசம் இருக்கும்போது எஃப்பிஜிஏவை நாடுவது வீண் உழைப்பு என்றே கருதுகிறேன்: வெரிலாக், விஎச்டிஎல் போன்ற சுற்று விவரிப்பு மொழிகளில் எழுதி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் மணிக்கணக்கில் தொகுத்து (கம்பைல் செய்து), நேரக் கட்டுப்பாடுகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். இன்னும் எளிய வேலைக்கு, எடுத்துக்காட்டாக வெப்பநிலையைப் படித்து விசிறியை இயக்கும் கருவிக்கு, சிறு கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலரே போதும்.

விதி மாறாமலும் தேவை பெருமளவிலும் இருந்தால் நிலைமை வேறு. கணக்குகளைப் போட்டிபோட்டுச் செய்து பிட்காயின் என்ற இணையப் பணத்தை ஈட்டும் சுரங்கப் பணியில் 2011 வாக்கில் ஜிபியுவுக்குப் போட்டியாக எஃப்பிஜிஏ வந்தது. அதற்கு அடிப்படையான எஸ்எச்ஏ-256 கணக்கு மாறவே இல்லை. எனவே 2013இல் வந்த ஏசிக், ஒவ்வொரு கணக்குக்குமான மின்செலவை வெகுவாகக் குறைத்து இரண்டையும் வெளியேற்றியது.