மல்லிகை எண்ணெய்: முகத்துக்கு வாங்கினேன், பீரோவுக்குப் போனது

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 10 மில்லி மல்லிகை எசென்ஷியல் ஆயில், விலை 349 ரூபாய், வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். வாசனைக்கு நல்ல மார்க் போடுவேன். முகத்துக்கு முட்டைதான். வெளுக்கும் என்று வாங்கினேன், கறுத்தது.

கடைப் பெயரும் கம்பெனிப் பெயரும் போடப்போவதில்லை. இதே மாதிரி பாட்டில், இதே மாதிரி வாசகம், ஊரில் பத்துக் கடையில் பத்துப் பெயரில் இருக்கிறது, ஆன்லைனில் கேட்கவே வேண்டாம். நான் ஒரு பெயரைச் சொன்னால் நீங்கள் அதை மட்டும் விட்டுவிட்டுப் பக்கத்து பாட்டிலை எடுத்துக்கொள்வீர்கள்.

நான் இருப்பது சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். தினமும் ஸ்கூட்டர். ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு, பாலாற்றுப் பாலம் என்று போகும் அந்த நெடுஞ்சாலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், நிழல் என்பது லாரிக்குப் பின்னால் போனால் மட்டும்தான் கிடைக்கும். காலையில் கிழக்கே போகிறேன், சூரியன் நேர் எதிரே. மாலையில் மேற்கே திரும்பி வருகிறேன், அப்போதும் நேர் எதிரே. மூன்று வருடம் இப்படி ஓட்டியதில் ஹெல்மெட்டுக்குள் இருந்த நெற்றி ஒரு நிறம், கன்னமும் மூக்கும் வேறு நிறம். போன கத்திரி வெயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சித்தி, வந்தவர்களை வா என்றுகூடச் சொல்லாமல், "இன்னாடி இப்படிக் கறுத்துட்ட?" என்று மண்டபத்து வாசலிலேயே கேட்டாள்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் அழகில்லாத பெண்கள் என்று முடிப்பார்கள். சாமி விஷயம் தீர்ந்துவிட்டது, எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரை 1981 மார்ச்சிலேயே கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளமே போனது. அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னும் யாரோ எங்கள் தலையில் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், நாமும் 349 ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறோம்.

கடைக்காரர் தங்கமான மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு காகிதப் பட்டையில் தொட்டுக் கொடுத்தார், இரண்டு நிமிடம் ஆறவிட்டு முகரச் சொன்னார், கேட்காமலே பில் போட்டார். "பதினஞ்சே நாள் சிஸ்டர், நீங்களே வந்து இன்னொண்ணு கேப்பீங்க" என்றார். பழுப்புக் கண்ணாடி பாட்டில், சொட்டுச் சொட்டாக விழுகிற மாதிரி உள்மூடி, எல்லாம் ஒழுங்கு. லேபிளில் நூறு சதவீதம் ப்யூர், ஸ்டீம் டிஸ்டில்டு, ஸ்கின் பிரைட்டனிங். இந்த மூன்றில் இரண்டாவதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன், அது நல்ல கதை.

ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஆறேழு சொட்டு விட்டு ராத்திரி தடவிக்கொண்டு படுத்தேன். முதல் மூன்று நாள் சொர்க்கம், தலையணையெல்லாம் மல்லிப்பூ. நான்காவது நாள் கன்னத்தில் லேசாகச் சுறுசுறுவென்றது. வேலை செய்கிறது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன், அவ்வளவு புத்திசாலி நான். ஒன்பதாம் நாள் அரிப்பு, தாடை ஓரமாக வியர்க்குரு மாதிரி சின்னச் சின்னதாக எழும்பியது. அப்போதாவது விட்டிருக்க வேண்டும். அழுக்கு வெளியே வருகிறது என்று எங்கேயோ கேட்டதை நம்பி இன்னும் நாலு நாள் தடவினேன். சிவப்பு அடங்கியபோது இரண்டு கன்னத்து மேட்டிலும் கழுத்தின் ஒரு பக்கத்திலும் காப்பித்தூள் நிறத்தில் திட்டு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் எண்ணெய் எதுவரை தடவினேனோ அதுவரை கோடு கிழித்த மாதிரி தெரிந்தது.

தோல் டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை சொட்டு?" சொன்னேன். சிரிக்கவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினார். 1 மில்லி என்பது சுமார் 20 சொட்டு, ஒரு டீஸ்பூன் 5 மில்லி, அதாவது 100 சொட்டு. முகத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றால் ஒரு ஸ்பூனுக்கு ஒரே ஒரு சொட்டு. நான் போட்டது அதைப்போல ஆறேழு மடங்கு. அதிலும் மல்லிகைக்கு இன்னும் குறைவாகத்தான் போட வேண்டுமாம், சிலருக்கு அந்த ஒரு சொட்டே ஒவ்வாமல் போகலாமாம். வாசனைப் பொருள்களுக்கு வரம்பு வைக்கிற இஃப்ரா என்ற சர்வதேச அமைப்பு இருக்கிறது, அது மல்லிகைச் சாறுக்கும் தோலில் படுகிற பொருள்களில் இவ்வளவுதான் என்று அளவு வைத்திருக்கிறது. பூதானே, என்ன செய்துவிடும் என்று நாம் நினைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. பூ எண்ணெய் தடவினால் முகம் வெளுக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. ஆனால் ஒவ்வாமை வந்து தோல் புண்பட்டால், நம் மாநிறத் தோல் அதற்குப் பதிலாக இன்னும் மெலனினை அங்கே கொண்டுபோய்க் கொட்டும், ஆறிய பிறகும் கறை நிற்கும். இது என் ஒருத்தி கதை இல்லை. 1970-களில் ஜப்பானில் நிறையப் பெண்களுக்கு முகம் திட்டுத் திட்டாகக் கறுத்துப்போய், காரணம் தேடியபோது அழகுசாதனப் பொருள்களில் இருந்த சாயம் ஒன்றும் வாசனைப் பொருள்கள் பலவும் மாட்டின. அந்தப் பட்டியலில் மல்லிகைச் சாறும், இலாங் இலாங் என்ற பூவின் எண்ணெயும் உண்டு. இரண்டும் இன்றைக்குக் கடையில் 'ஸ்கின் பிரைட்டனிங்' அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

எனக்கு வெட்கமாக இருந்தது வேறு ஒன்றுக்காக. நான் வேலை பார்ப்பது தோல் வியாபாரத்தில். எங்கள் கம்பெனியில் புதுச் சாயம் வந்தால் முதலில் ஒரு வெட்டுத் துண்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கை வைப்பார்கள். செத்த ஆட்டுத் தோலுக்குக் கொடுக்கிற மரியாதையை என் கன்னத்துக்கு நான் கொடுக்கவில்லை. கலந்த எண்ணெயை முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் கழுவாமல் விட்டிருந்தால் அங்கேயே ஏதாவது தெரிந்திருக்கலாம்.

சரி, அந்த ஸ்டீம் டிஸ்டில்டு கதை. ரோஜாவை, லாவெண்டரை நீராவியில் வாட்டி எண்ணெய் எடுப்பார்கள். மல்லிகைக்கு அந்தச் சூடு ஒத்துவராது, வாசனை கெட்டுவிடும், எண்ணெயும் ஒழுங்காக வராது. அதனால் பெரும்பாலும் ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து முதலில் மெழுகு மாதிரி ஒன்றை எடுத்து, பிறகு அதை ஆல்கஹாலில் கழுவி அப்சல்யூட் என்ற கெட்டிச் சாறாக எடுக்கிறார்கள். மல்லிகை பாட்டிலில் ஸ்டீம் டிஸ்டில்டு என்று பெருமையாகப் போட்டிருந்தால், லேபிள் எழுதியவருக்கே உள்ளே இருப்பது என்னவென்று தெரியவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் விலை. ஆயிரம் கிலோ பூவுக்கு அப்சல்யூட் ஒன்று, ஒன்றரை கிலோ தேறினால் பெரிது. அப்படியானால் 10 மில்லிக்கு ஏழெட்டு கிலோ பூ வேண்டும். ஒரு சனிக்கிழமை நேதாஜி மார்க்கெட் பூக்கடையில், கோணியை விரித்துக் குண்டுமல்லி கொட்டி வைத்திருந்த அம்மாவிடம் விலை கேட்டேன். முகூர்த்தம் இல்லாத நாள், கிலோ 400 என்றார். "எவ்ளோமா வேணும், கால் கிலோ போடவா?" ஏழு கிலோ வாங்கினால் எவ்வளவு குறைப்பீங்க என்றேன். ஈரத் துணியை எடுத்த கை அப்படியே நின்றது. "இன்னாமா, வீட்ல கல்யாணமா?" என்றார். இல்லை, ஒரு கணக்குக்காக என்றேன். கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன், வேறு வழி?

ஏழு கிலோ என்றால் பூவுக்கு மட்டும் 2800 ரூபாய். அதற்கு மேல் ஹெக்ஸேன், மிஷின், ஆள் கூலி, பாட்டில், கடைக்காரர் லாபம். இதெல்லாம் போக 349-க்குக் கையில் வருகிறது என்றால் அது என்னவோ, மல்லிகை மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு வைத்தேன். உண்மையான அப்சல்யூட்டும் கொஞ்சம் மஞ்சளாகக் கறை விடலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் என் தாளில் இருந்தது பஜ்ஜி மடித்த பேப்பரில் வருகிற அதே கண்ணாடி வட்டம், வாசனை போய்விட்டது, எண்ணெய் அப்படியே இருந்தது. ஏதோ சாதா எண்ணெயில் வாசனையைக் கலந்திருக்கிறார்கள்.

கலப்படம்தான் என் முகத்தைக் கெடுத்தது, அசல் வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அசலில் வாசனைப் பொருள்கள் இன்னும் அடர்த்தி. அந்த ஆறேழு சொட்டு அசலாக இருந்திருந்தால் பதின்மூன்று நாள் தாங்கியிருக்குமா என்பதே சந்தேகம்.

பாட்டிலைத் திருப்பிக் கொண்டுபோனேன். திறந்ததை எடுக்க மாட்டோம் என்றார் கடைக்காரர், அது நியாயம்தான். பிறகு, "உங்களுக்கு ஜாஸ்மின் செட் ஆகல, ரோஸ் எடுத்துப் பாருங்க, 299 தான்" என்றார். ரோஜா எண்ணெய் ஒரு கிலோவுக்குப் பூ மூன்றாயிரம் கிலோவுக்கு மேல் போகும் என்று படித்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. நல்ல மனிதர், அவருக்கும் யாரோ இப்படித்தான் சொல்லி விற்றிருப்பார்கள்.

திட்டு மங்க ஐந்து மாதம் ஆனது. டாக்டர் கொடுத்த க்ரீம், தினமும் சன்ஸ்க்ரீன், வாசனை உள்ள எதையும் முகத்தில் போடக்கூடாது, அவ்வளவுதான் வைத்தியம். சன்ஸ்க்ரீனில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் தாராளமாகப் போட வேண்டும், பொட்டு வைக்கிற மாதிரி தொட்டால் போதாது. ஆற்காடு வருவதற்குள் வியர்வையில் பாதி போய்விடுகிறது, அது தனிக் குறை. மேலே ஒரு காட்டன் துப்பட்டாவும் சுற்றிக்கொள்கிறேன். நெற்றிக்கும் கன்னத்துக்கும் இருந்த அந்த இரண்டு நிறம் இதில்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாகி வருகிறது. நான் வெளுக்கவில்லை, என் பழைய நிறத்துக்கு வந்திருக்கிறேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த அம்மா கேட்டது ஒன்றுதான், "பூவைத் தலையிலதான்டி வெப்பாங்க, மூஞ்சியில யாரு வெச்சாங்க?"

இன்னும் வாங்கத்தான் வேண்டும் என்றால் வாசனைக்கு வாங்குங்கள். பஞ்சில் நாலு சொட்டு விட்டு, ஒரு பழைய மாத்திரை டப்பாவில் ஓட்டை போட்டு அதற்குள் வைத்து, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். டப்பா கட்டாயம் வேண்டும், பஞ்சை அப்படியே வைத்தால் பட்டில் எண்ணெய்க் கறை ஏறிவிடும். அதற்கு இந்த 349 தகும், பாட்டிலில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.

போன வாரம் சித்தி வந்திருந்தாள். புடவை ஒன்று எடுக்க பீரோவைத் திறந்ததும், "இன்னா வாசனைடி, எங்க வாங்குன?" என்று பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். லாங் பஜாரில் என்றேன், தோலில் மட்டும் படாமல் பார்த்துக்கோ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு மணிக்கட்டிலும் தேய்த்து, மிச்சத்தைக் கன்னத்தில் தடவிக்கொண்டிருந்தாள்.