மணி மார்க்கெட் ஃபண்ட்: வருமானத்தில் குறையில்லை, நாட்காட்டியில்தான் கோளாறு

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கிய பணத்தை அடுத்த ஆண்டு வரை மணி மார்க்கெட் ஃபண்டில் போட்டு வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். இவ்வகை ஃபண்டைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்துபவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதை, அப்போது அடக்கிக்கொண்ட எரிச்சலையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை விவரங்கள் பலருக்கும் தெரிந்தவையே. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி இந்த ஃபண்டுகள் ஓராண்டுக்குள் முதிர்வடையும் டிரஷரி பில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்), கமர்ஷியல் பேப்பர் (நிறுவனங்களின் கடன் பத்திரம்), வங்கிகள் வெளியிடும் சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட் போன்றவற்றில் மட்டுமே முதலீடு செய்கின்றன. இதன் நெருங்கிய உறவான லிக்விட் ஃபண்டுக்கு அந்த வரம்பு 91 நாட்கள். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடு இதற்குக் கிடையாது. 2018-ல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை தவறியபோது லிக்விட் ஃபண்டுகள் சிலவற்றின் மதிப்பே சரிந்ததை நினைவில் வைத்துக்கொண்டு, ஃபண்ட் நிறுவனம் வெளியிடும் முதலீட்டுப் பட்டியலில் யாருடைய பத்திரங்கள் இருக்கின்றன என்று அவ்வப்போது பார்த்துவிடுவது என் வழக்கம். வருமானமே ஆறேழு சதவீதத்துக்குள் நிற்கும் இடத்தில் தரகுக்கு அரை சதவீதம் இழப்பதுகூடப் பெரிய இழப்பு என்பதால், தரகர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் திட்டத்தைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

எதிர்பாராமல் எனக்குப் பிடித்துப்போனது இதன் வரிக்கணக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய யூனிட்டுகளுக்கு, விலைவாசி உயர்வுக்கேற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் காட்டி வரியைக் குறைக்கும் பழைய பணவீக்கச் சரிக்கட்டல் சலுகை போய்விட்டது; எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் லாபம் அவரவர் வருமான வரி வரம்பின்படியே கணக்கிடப்படும் என்றானபோது, இனி இதற்கும் டெபாசிட்டுக்கும் என்ன வேறுபாடு என்று பலரும் கைவிட்டனர். வேறுபாடு இருக்கிறது. டெபாசிட்டில் ஆண்டுதோறும் சேரும் வட்டிக்கு, அது கைக்கு வராவிட்டாலும், பொதுவாக அந்தந்த ஆண்டே வரி கட்ட வேண்டும். இங்கே விற்கும் வரை வரி இல்லை. விற்கும்போதும் எடுத்த தொகையில் உள்ள லாபப் பங்குக்கு மட்டுமே வரி. ஒரு லட்சம் போட்டு, அது 1,07,000 ஆன பின் 10,700 ரூபாய் எடுத்தால், வரிக்கு உட்படுவது 700 ரூபாய்தான். உள்நாட்டில் வசிப்பவருக்கு விற்பனைத் தொகையில் டி.டி.எஸ். பிடித்தமும் இல்லை. டெபாசிட்டை இடையில் உடைத்து அபராதம் கட்டிய எவரும் இந்த ஏற்பாட்டின் அருமையை உடனே உணர்வர்.

என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, ஒருநாளும் இறங்காது என்று முகவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பத்திரங்கள் அன்றாடச் சந்தை விலையில் மதிப்பிடப்படுகின்றன, வட்டி உயர்ந்தால் பழைய பத்திரங்களின் விலை குறையும் என்பதால், 2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்தை எதிர்பாராமல் 4.40 சதவீதமாக உயர்த்தியதைப் போன்ற தருணங்களில் மதிப்பு சற்றே இறங்கத்தான் செய்யும். பத்திரங்கள் குறுகிய காலத்துக்கானவை என்பதால் வாரக்கணக்கில் அது சரியாகிவிடும். நான் அதற்காகக் கவலைப்பட்டதில்லை.

என்னைப் பொறுமையிழக்க வைப்பது பணம் திரும்பி வரும் நாள். பிற்பகல் மூன்று மணிக்குள் விற்றால் அடுத்த வேலை நாளில் பணம் என்பது விதி. அந்த வேலை நாள் யாருடையது என்பதை எவரும் சொல்வதில்லை. அது பத்திரச் சந்தை இயங்கும் மும்பையின் வேலை நாள். ஹோலியும் குருநானக் ஜெயந்தியும் நமக்கு வழக்கமான நாட்கள், அங்கே விடுமுறை. 2024 மார்ச் 28, வியாழக்கிழமை நண்பகலில் ஒரு தொகைக்கு விற்பனைக் கோரிக்கை கொடுத்தேன். மறுநாள் பணம் வரும் என்று தேதியோடு முதலீட்டுச் செயலி காட்டியதால், மேல்தளத்துக்கான ஓடுகளுக்கு வெள்ளிக்கிழமை பணம் தருவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளி புனித வெள்ளி; பின் சனி, ஞாயிறு; திங்கள் ஏப்ரல் 1, வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு. செவ்வாயன்றுதான் பணம் வந்தது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, செயலியில் தெரிவது உத்தேசத் தேதி என்றனர். ஆண்டுத் தொடக்கத்திலேயே வெளியாகிவிடும் விடுமுறைப் பட்டியலைப் பார்த்து ஒரு தேதியைச் சரியாகக் காட்டக்கூட இயலாத செயலி, என் யூனிட்டின் மதிப்பை நான்கு தசம இலக்கம் வரை துல்லியமாகக் காட்டுகிறது.

நியாயமாகப் பார்த்தால் இதில் ஃபண்டின் குற்றம் ஏதுமில்லை. பத்திரங்களை விற்றுப் பணமாக்கும் சந்தை மூடியிருந்தால் அது என்ன செய்யும்? ஆனாலும் லிக்விட் ஃபண்டில் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் வரை, அல்லது இருப்பில் 90 சதவீதம் வரை, இவற்றில் எது குறைவோ அதை உடனடியாக எடுத்துக்கொள்ள வசதியிருக்க, மணி மார்க்கெட் ஃபண்டில் அந்தச் சிறு வாசலும் அடைபட்டிருக்கிறது. அந்த நான்கு நாட்களில் கடைக்காரருக்கு நான் சொன்ன சமாதானங்களை எந்த வருமான விகிதமும் ஈடுசெய்யாது.

ஆகவே, இவ்வளவு பாராட்டிய பிறகும், நண்பருக்கு வேண்டாம் என்றே சொன்னேன். கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி உண்டு. அதற்குரிய பணம் சேர்க்கைக்கு ஒரு மாதம் முன் முதிர்வடையும் வங்கி டெபாசிட்டில் இருக்கட்டும். நீங்கள் மட்டும் ஏன் இன்னும் அதிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்கு இப்போதைக்குத் தேதி குறித்த செலவு எதுவும் இல்லை என்றேன்.