பூசுவதா, போர்த்துவதா? வெளியில் பூச்சிக்கடிக்கு எது எடுபடும்

"நல்ல பூச்சிவிரட்டி எது?" என்று கேட்பதற்கு முன், கடிப்பது யார் என்று பார்த்துவிடுவது நல்லது. கொசு ஊசி மாதிரி குத்தி உறிஞ்சும். மாட்டு ஈயோ கத்தி போன்ற வாயுறுப்பால் தோலை அறுத்து, கசியும் ரத்தத்தை நக்கும். சுரீரென்று வலிப்பது அதனால்தான். கொசு நம் மூச்சுக்காற்றையும் வியர்வை வாடையையும் தேடி வரும். மாட்டு ஈ கண்ணையும் நம்பி வரும், அதிலும் கருத்து, சூடாக, அசைந்துகொண்டே இருக்கும் எதுவானாலும் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே வாடையைக் குழப்பும் மருந்து கொசுவிடம் காட்டும் வேலையை மாட்டு ஈயிடம் காட்டாது.

பூசும் மருந்துகளில் மூத்தது டீட். 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாகி, 1957இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. கொசு, உண்ணி இரண்டுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. சதவீதம் கூடினால் வீரியம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடுவது நேரம்தான். 10 சதவீதம் சுமார் 2 மணி நேரம், 30 சதவீதம் சுமார் 5 மணி நேரம் தாங்கும். 50ஐத் தாண்டினால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. இதன் குறை, பிளாஸ்டிக்கைக் கரைப்பது. டீட் பூசிய கையோடு நான் தொட்ட குளிர்கண்ணாடியின் சட்டத்தில் என் விரல்ரேகை இன்னும் இருக்கிறது.

பூசும் இன்னொரு மருந்தான 20 சதவீத பிகாரிடின் அப்படிச் செய்வதில்லை. பிசுபிசுப்பு குறைவு, வாடையும் அவ்வளவாக இல்லை, கொசுவையும் உண்ணியையும் டீட்டுக்கு நிகராகவே விரட்டும். இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு இதற்குத்தான். மூலிகைதான் வேண்டும் என்பவர்களுக்கு எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் இருக்கிறது, ஆனால் அது விரட்டியாகவே பக்குவம் செய்து விற்கப்படும் சரக்கு. சளிக்குத் தேய்க்கும் யூகலிப்டஸ் தைலம் அதற்கு ஈடாகாது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயைப் பூசவும் கூடாது. எதைப் பூசினாலும் சன்ஸ்கிரீன் முதலில், விரட்டி அதற்கு மேலே.

சரி, மாட்டு ஈக்கு என்ன செய்வது? உடைதான். வெளிர் நிறத்தில், தொளதொளவென்று, முழுக்கையாக இருக்க வேண்டும். உடலோடு ஒட்டிய மெல்லிய துணி என்றால் அதன் மேலாகவே கடித்துவிடும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் குதிரைகளுக்கு வரிக்குதிரைக் கோடு போட்ட போர்வையைப் போர்த்திப் பார்த்தார்கள். ஈக்கள் வழக்கம்போல் நெருங்கி வந்தன, ஆனால் கோட்டின் மேல் சரியாக உட்காரத் தெரியவில்லை. ஒற்றை நிறப் போர்வையை விட அதில் வந்து உட்கார்ந்தவை வெகு குறைவு. மனிதருக்கும் அப்படியே பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கருப்புச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட இது போதும்.

உண்ணி உள்ள புல்வெளிக்குப் போகிறவர்கள் உடையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிக்கலாம். இது விரட்டுவதோடு நிற்காது, கொல்லவும் செய்யும். துணியில் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகே அணிய வேண்டும். தோலில் படக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை, அதற்கு இது விஷம்.

ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் மின்விசிறியை மிஞ்ச ஆளில்லை. கொசு பறப்பதில் பலவீனமான பிராணி, காற்றை எதிர்த்து நிற்காது. நம் மூச்சின் தடத்தையும் காற்று கலைத்துவிடும். வாசனை மெழுகுவர்த்தி அழகுக்குச் சரி. விரட்டி தடவிய கைப்பட்டை மணிக்கட்டைக் காப்பாற்றுமே தவிர முழங்காலைக் காப்பாற்றாது. கேளா ஒலிக் கருவி வெறும் காசு விரயம். நீல விளக்குப் பொறியில் கருகி விழுபவை பெரும்பாலும் நம்மைக் கடிக்காத பாவப்பட்ட பூச்சிகள்.

இத்தனைக்குப் பிறகும் கடித்துவிட்டால், சோப்பு போட்டுக் கழுவி ஈரத்துணியில் ஐஸ் சுற்றி வையுங்கள். அரிப்புக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு அல்லது செட்டிரிசின் மாத்திரை உதவும். சொறிந்தால் புண்ணாகும். ஒட்டியிருக்கும் உண்ணியைத் தீயால் சுடாமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ களிம்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.